கனத்தை மதிலும் எமது கையறுநிலையும்

கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 21ஆம் நாள் காலை 8.45 மணிக்குப் பேச்சு ஓய்கிறது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த நேரம் அது. மத குருமார் வருகின்றனர், அமைச்சர்கள் வருகின்றனர், வெளிநாட்டுத் தூதுவர்கள் மெழுகுதிரி ஏற்றுகின்றனர். கொட்டாஞ்சேனைச் சனங்கள் தம் இறந்தோரை நினைந்து அழுகையில் நாடே பக்கத்தில் நிற்கிறது. அப்படித்தான் நிற்கவும் வேண்டும்.

இருபத்தேழு நாள்கள் கழிந்து மே 18 வருகிறது. அதே கொழும்பின் தென்பகுதியாகிய வெள்ளவத்தையில், 2009இல் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்காக வீட்டின் உள்ளறையில் விளக்கேற்றிவிட்டு, தெருப் பக்கத்துச் சன்னலைச் சாத்திக்கொண்ட குடும்பங்களை நாம் அறிவோம். பிள்ளை அழுதால், "சத்தம் போடாதை" என்று தாய் அடக்கிய வீடுகளும் உண்டு. ஒரு நகரம், ஒரு மொழி, இரண்டு துயரம். ஒன்று ஒலிபெருக்கியில் பேசிற்று. மற்றது மூச்சடக்கிக் கிடந்தது. இந்த வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று?

இத்தகைய வினாவுக்கு வழமையாகத் தரப்படும் விடை, மனித மனத்தின் இயல்பைப் பற்றியது. அருகில் நிகழ்வது நெஞ்சைச் சுடும், தொலைவில் நிகழ்வது செய்தியாய்ப் போகும் என்பர். எண்ணிக்கை பெருகப் பெருக மனம் மரத்துவிடும் என்பாரும் உளர். இவற்றில் சிறிதும் உண்மையில்லை என்று கூறுவதற்கில்லை. ஆயின் நடந்தவற்றோடு வைத்துப் பார்க்கையில் இவ்விளக்கங்கள் நெடுந்தூரம் செல்லமாட்டா. கொச்சிக்கடைக்காக அன்றிரவு பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்தின் விளக்குகள் அணைக்கப்பட்டன. அதற்கு ஆறு நாள்கள் முன்பு, ஏப்ரல் 15இல், அதே நகரத்து நோத்ர் தாம் பேராலயம் தீப்பற்றியபோது ஓர் உயிர்தானும் போகவில்லை. உலகமோ கண்ணீர் வடித்தது. சில நாள்களுள் கோடிக்கணக்கான யூரோக்கள் வாக்களிக்கப்பட்டன. 2023 ஜூன் 14இல் கிரேக்கக் கரைக்கு அப்பால் ஏதிலிகளை ஏற்றி வந்த மீன்பிடிக் கப்பலொன்று கவிழ்ந்தது. எழுநூறு பேர் வரை அதில் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. கரை சேர்ந்தோர் 104 பேர். நான்கே நாள்களின் பின் ஐந்து பேருடன் டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்கச் சென்ற டைட்டன் என்னும் நீர்மூழ்கி காணாமற்போயிற்று. அந்த ஐவரின் மூச்சுக்கு எத்தனை மணி நேரம் மீதி என்பதை உலகம் முழுவதும் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் கடலில் நிகழ்ந்தவை. நம்மிடமிருந்து இரண்டும் தொலைவில் நிகழ்ந்தவை.

தொலைவு என்பது காரணமாயின் தெகிவளை எங்கே இருக்கிறது? வெள்ளவத்தைக்கு அடுத்த புகைவண்டி நிலையம். 1996 ஜூலை 24இல் அங்கே புகைவண்டியில் வைக்கப்பட்ட குண்டுகளால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பிய சாதாரண மக்கள். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன் கோட்டையில் மத்திய வங்கி தகர்க்கப்பட்டபோது ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். வெள்ளவத்தையிலிருந்து எழுதிக்கொண்டிருந்த நாம் அவர்களுக்காக எத்தனை வரிகள் எழுதினோம்? இக்கேள்விக்கு மீண்டும் வருவேன்.

துயரத்தின் அளவை நிர்ணயிப்பது மனத்தின் மென்மையன்று. சமுதாயத்தின் அமைப்பு என்பதே என் கருத்து. இதனை விளக்க முல்லைத்தீவுக் கடற்கரையிலும் சிறந்த சான்று வேறில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து அக்கரையை விழுங்கியது. இலங்கை முழுவதிலும் முப்பத்தையாயிரம் வரையிலானோர் இறந்தனர். உலகம் அரிசியும் கூடாரமும் மருந்தும் அனுப்பியது. தென்னிலங்கையின் சிங்கள மக்கள் வடக்குக்கும் கிழக்குக்கும் லொறிகளில் உணவேற்றி அனுப்பியதைக் கண்டோம். அதே கரையில், அதே மீனவர் குலத்தின் மீது, நாலரை ஆண்டுகளின் பின் எறிகணை வீழ்ந்தது. உலகம் அறிக்கை வெளியிட்டது. மக்கள் மாறவில்லை, மணலும் மாறவில்லை. கொன்றது யார் என்பது மட்டுமே மாறியது. கடலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆகவே கடலால் இறந்தவனுக்கு அழுவதில் எவருக்கும் சங்கடமில்லை. அரசினால் இறந்தவனுக்கு அழுபவனோ, அழும்போதே சாட்சியும் சொல்லிவிடுகிறான். அவனுடைய ஒப்பாரியில் ஒரு பெயர் வந்துவிடும். அந்தப் பெயர் வராமற் காப்பதற்கே தடையுத்தரவுகள் எழுதப்படுகின்றன. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைதாயினர். உப்பும் அரிசியும் நீரும் கலந்த கஞ்சி எங்ஙனம் பயங்கரமான பொருளாயிற்று என்று வியப்பவர்கள், அது எதனை நினைவூட்டுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

எண்ணிக்கை பற்றியும் ஒன்று கூறவேண்டும். உயிர்த்த ஞாயிறு இறந்தோர் தொகை முதலில் 359 என்று அறிவிக்கப்பட்டது. உடல்கள் சிதறிக் கிடந்தமையால் சில இரு முறை எண்ணப்பட்டன என்று கூறி, மருத்துவர்கள் மறுபடியும் ஆராய்ந்து 253 என்று திருத்தினர். காயமுற்றோர் சிலர் பின்னர் இறக்க, அத்தொகை சற்றே உயர்ந்தது. ஒவ்வொரு உயிரும் இவ்வளவு கவனத்துடன் எண்ணப்பட்டமை ஒரு நாகரிக சமுதாயத்தின் கடமை. முள்ளிவாய்க்காலில் இறந்தோர் எத்தனை பேர்? பொதுமக்களுக்குச் சேதமே இல்லை என்பது அன்றைய அரசின் கொள்கை விளக்கம். பின்னர் அரசின் கணக்கெடுப்பொன்று ஏறத்தாழ ஒன்பதாயிரம் என்றது. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்றது. மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசப் ஆண்டகை அரசாங்கத்தின் சொந்த மக்கட்டொகைப் பதிவேடுகளைக் கொண்டே கணக்கிட்டு 1,46,679 பேருக்குப் பதில் கூறப்படவில்லை என்று ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஒன்பதாயிரத்துக்கும் ஒன்றரை இலட்சத்துக்கும் இடையில் ஒரு பெரிய நகரமே அடங்கும். எண்ணப்படாதவனுக்கு எவ்வாறு அழுவது? 2025இல் செம்மணி மண்ணைத் தோண்டியபோது இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன. அவர்களும் எண்ணப்படாமற் கிடந்தவர்களே.

இலக்கிய மாணவர் இவ்விடத்தில் தம் பாடநூலைத் திரும்பிப் பார்த்தல் நலம். துயரத்தில் மேல் கீழ் உண்டாக்கியது இன்றைய பத்திரிகைகளும் அரசுகளும் மட்டுமல்ல. புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களைப் பொதுவுடைமையான சோகத்தின் வெளிப்பாடாக எமது ஆசிரியர்கள் பலர் கற்பிக்கின்றனர். பாரிக்காகக் கபிலர் அழுதார், அதியமானுக்காக ஒளவையார் அழுதார். நெஞ்சை உருக்கும் பாடல்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாரியின் பறம்பைக் காத்து மடிந்த வீரன் எவன்? அவன் பெயர் என்ன? பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளிவந்த தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில ஆய்வு நூலில், பாணரும் புலவரும் வாழ்ந்த சமுதாயச் சூழலையும் அவர்களுக்கும் புரவலருக்கும் இருந்த உறவையும் ஆராய்ந்தார். அவ்வுறவை மனத்திற்கொண்டு படிப்போமாயின், கையறுநிலை யாருடைய கை அற்றுப்போனதைப் பாடுகிறது என்பது விளங்கும். கொடுத்த கை அது. விதிவிலக்கு உண்டு. வழியிடைக் கணவனை இழந்த பெண்ணொருத்தி, தாழி வனையும் குயவனிடம் தனக்கும் சேர்த்து இடம் அமையும்படி அகன்றதாய்ச் செய்யென்று வேண்டும் பாடல் அத்தொகுதியில் இருக்கிறது. அக்கணவனின் பெயரை நாம் அறியோம். அதனாலேயே அப்பாடல் எனக்கு ஏனையவற்றிலும் பெரிதாகத் தோன்றுகிறது.

நிலவுடைமைச் சமுதாயத்தில் இந்த ஒழுங்கு இன்னும் வெளிப்படையாயிருந்தது. யாழ்ப்பாணத்து உயர்சாதியார் வீட்டுச் சாவுக்குப் பறையடிப்பது ஒடுக்கப்பட்டோரின் கடமையாயிருந்தது. அவர்களுடைய வீட்டுச் சாவுக்கு வருவார் எவருமில்லை. கூலிக்கு மாரடித்தல் என்ற தொடர் நம் மொழியில் வந்த வரலாறு இதுதான். துயரத்துக்கும் ஊழியம் செய்ய ஆள் வைத்திருந்தோம். பறையடிக்க மறுத்த சாதியெதிர்ப்புப் போராட்டங்கள் ஊதியத்துக்கான போராட்டங்கள் மட்டுமல்ல. யாருடைய சாவு ஊர்ச்சாவு என்ற கேள்வியும் அவற்றில் இருந்தது.

இனிக் கொழும்புக்கு வருவோம். பொரளைக் கனத்தை மயானத்தை அறியாத கொழும்பு வாசி இரார். பொதுத் துயரம் எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதை அறிய விரும்புவோர், நூலகத்துக்குப் போவதற்கு முன் அதன் மதிலோரமாக ஒரு முறை நடந்து வரலாம். 1983 ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் இராணுவத்தினர் 13 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுடைய உடல்களைக் குடும்பத்தாரிடம் ஒப்படையாமல், கனத்தையில் ஒருசேர அடக்கம் செய்வதென்று மேலிடம் தீர்மானித்தது. மறுநாள் மாலை மக்கள் திரண்டனர். உடல்கள் வரத் தாமதமாயிற்று, திரள் கொதித்தது, இறுதியில் அடக்கம் கைவிடப்பட்டது. அன்றிரவு பொரளையில் பற்றிய நெருப்பு விடிந்தபின் வெள்ளவத்தைக்கு வந்தது. வீடுகளும் கடைகளும் எரிந்தன. எஞ்சியோர் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் அகதிகளாயினர். கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றனர்.

அந்தப் பதின்மூன்று பேரும் ஏழை வீட்டுப் பிள்ளைகளாகவே இருந்திருப்பர். அவர்களுடைய தாய்மாரின் துயரம் பொய்யன்று. அந்தத் துயரத்தைத் தாய்மாரிடமிருந்து எடுத்து, நகரத்தின் நடுவே கொண்டுவந்து வைத்ததுதான் அரசியல். அதே ஜூலை 24இல் யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியிலும் கந்தர்மடத்திலும் இராணுவத்தினர் பழிவாங்கச் சுட்டுக் கொன்ற பொதுமக்கள் ஐம்பது பேர் வரை இருந்தனர். கொழும்புப் பத்திரிகைகள் அதனை அறிவிக்கவில்லை. ஒரு பக்கத்துப் பிணங்களுக்குத் தலைநகரின் மயானம். மறுபக்கத்துப் பிணங்களுக்குத் தணிக்கை. ஜூலை 28இல் நாட்டுக்கு உரையாற்றிய ஜனாதிபதி ஜெயவர்த்தன, எரிக்கப்பட்ட மக்களுக்காக ஓர் அநுதாபச் சொல்லும் கூறவில்லை. அரசின் வாயிலிருந்து மன்னிப்பென்ற சொல் வர 2004 வரை, சந்திரிகா குமாரதுங்கவின் உரை வரை, இருபத்தொரு ஆண்டுகள் காத்திருக்கவேண்டியதாயிற்று.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை எம்மவரால் பெரிதும் விரும்பிப் படிக்கப்படும். ஆனால் 2019 ஏப்ரலில் வெள்ளவத்தையில் காதில் விழுந்த ஒரு வாசகம் எனக்கு நிம்மதி தரவில்லை. "எங்கடை சனம் சாகேக்கை இவங்கள் எங்கை போனவங்கள்?" என்றனர் சிலர். படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள். கேள்வி நியாயமானதுதான். கேட்ட இடம் சாவீடு. அதைவிட முக்கியமானது, "எங்கடை சனம்" என்பதன் எல்லை. கொச்சிக்கடையில் இறந்தோருள் பலர் தமிழ் பேசிய கத்தோலிக்கர். கொட்டாஞ்சேனைச் சந்துகளில் ஓரறை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர், சிறு வியாபாரிகள், கடைச் சிப்பந்திகள், அவர்களின் பிள்ளைகள். மலையகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரும் அப்பகுதியில் வாழ்கின்றனர். வெள்ளவத்தை மாடிவீட்டு யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தார் அவர்களைத் தம் சனமாக முன்பும் எண்ணியதில்லை. குண்டு வெடித்த அன்றும் எண்ணவில்லை. காலி வீதிக்கும் ஜம்பட்டா வீதிக்கும் இடையே உள்ள தூரம் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் அடங்குவது. வர்க்க தூரத்தை அளக்க எந்தப் பஸ்ஸும் ஓடுவதில்லை.

உயிர்த்த ஞாயிற்றின் துயரத்துக்குள்ளும் படிநிலைகள் இருந்தன. ஐந்து நட்சத்திர விடுதிகளில் இறந்த வெளிநாட்டாரின் படங்களை அவர்தம் நாட்டுப் பத்திரிகைகள் முதலில் வெளியிட்டன, அது இயல்பே. கொச்சிக்கடை ஆலயம் கடற்படையினரின் உழைப்பால் 2019 ஜூன் மாதமே திருத்தித் திறக்கப்பட்டது. ஞாயிற்றுப் பாடசாலைச் சிறுவர் பலர் இறந்த மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தின் திருத்த வேலையோ ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தலைநகருக்குத் தொலைவு, பெரிய திருச்சபையைச் சேர்ந்ததன்று, தெற்குப் பத்திரிகைக்காரர் அடிக்கடி செல்லும் ஊருமன்று.

மீதொட்டமுல்லையைப் பற்றி எழுதாமல் மேலே செல்வது என்னால் இயலாது. 2017 ஏப்ரல் 14, தமிழ் சிங்களப் புத்தாண்டு நாள். பலகாரங்களோடு வீட்டிலிருந்த மக்கள் மீது கொழும்பின் குப்பை மலை சரிந்தது. 32 பேர் இறந்தனர். சிங்களவரும் பிறரும் கலந்து வாழ்ந்த வறிய குடியிருப்பு அது. பயங்கரவாதி இல்லை, பகை இனமில்லை, புயலுமில்லை. குப்பையை இனிக் கொட்டாதீர் என்று அம்மக்கள் ஆண்டுக்கணக்காக ஆர்ப்பாட்டம் செய்திருந்தனர். கொட்டியது யார்? மாநகரத்தின் குப்பை அது. வெள்ளவத்தையின் குப்பையும் கொட்டாஞ்சேனையின் குப்பையும் அதில் இருந்தன. என் வீட்டுக் கூடையும் அதில் இருந்தது. கொன்றவன் தானே என்று அறிந்த இடத்தில் நகரம் விரைவாகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் நாம் புத்தாண்டு வாழ்த்துக் கூறுகிறோம்.

தெகிவளைக் கேள்விக்குத் திரும்புகிறேன். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். தமிழிலக்கியத்தின் குரல் அன்று எங்கே போயிற்று? அச்சம் இருந்தது, துப்பாக்கி இருந்தது, மறுப்பதற்கில்லை. 1989இல் ராஜினி திராணகம கொல்லப்பட்ட மண்ணில் பேசுவது எளிதன்று. ஆயினும் அவரும் தோழர்களும் எழுதிய முறிந்த பனை எல்லாத் தரப்பாரின் கொலைகளையும் ஒரே கணக்கில் எழுதியது என்பதனையும் மறப்பதற்கில்லை. அதற்கு முன் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது கிழக்கிலங்கை முஸ்லிம் கவிஞர் எம். ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' இன்றும் எம்மவரால் போற்றப்படுகிறது. யாழ்ப்பாணத்தின் இழப்பைத் தம் இழப்பாக அவர் கொண்டார். காத்தான்குடியின் இழப்பைத் தம் இழப்பாகக் கொண்ட யாழ்ப்பாணத்துக் கவிஞர்களை எண்ண எத்தனை விரல் வேண்டும்?

அந்த நூலகத்தைப் பற்றியே இன்னொன்று. 97,000 நூல்கள் எரிந்தன என்பதை எந்த மாணவனும் சொல்வான். அதே நாள்களில் யாழ்ப்பாண நகரில் நால்வர் வீடுகளிலிருந்து இழுத்துக் கொல்லப்பட்டனர் என்பதை எத்தனை ஆசிரியர்கள் சொல்லிக் கொடுக்கிறோம்? நோத்ர் தாமைக் கண்டு உலகத்தை ஏளனம் செய்யுமுன் இதனையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தொலைவில் உள்ளோருக்காக அழ முடியாது என்பதும் பொய். பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் அழிந்த பெண்களைப் பாரதி கண்டதில்லை. அவர்கள் எவருக்கும் செய்தியாகாதவர்கள், புரவலரும் அல்லர். அவர்களுக்காக அவன் பாடினான். அப்பாடலின் ஆற்றல் அவனுடைய இளகிய மனத்தில் மட்டும் இருக்கவில்லை. அவர்களை அங்கே அனுப்பிய ஆட்சியின் கீழேயே தானும் இருக்கிறான் என்ற தெளிவில் இருந்தது.

கனத்தைக்கு மீண்டும் செல்வோம். 2020இல் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைப் புதைக்கலாகாது, எரிக்கவே வேண்டும் என்று இலங்கை அரசு கட்டளையிட்டது. உலக சுகாதார நிறுவனம் புதைப்பதில் தடையில்லை என்றபோதும் கேளாமல், 2021 பெப்ரவரி வரை அக்கட்டளை நீடித்தது. மன்னிப்புக் கேட்க அமைச்சரவைக்கு 2024 ஜூலை ஆயிற்று. 2020 டிசம்பரில் பிறந்து இருபதே நாளான குழந்தையொன்று, பெற்றோரின் சம்மதமின்றிக் கனத்தையில் எரிக்கப்பட்டது. உயிர்த்த ஞாயிற்றுக்குப் பின் ஊட்டி வளர்க்கப்பட்ட வெறுப்பு, 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருநாகல் பகுதிகளிலும் கடைகளை எரித்துவிட்டு, இப்போது சிசுவின் உடலைக் கேட்டது.

அந்நாள்களில் யாரோ ஒருவர் கனத்தை வேலியில் சிறு வெள்ளைத் துணியொன்றைக் கட்டினார். கபன் துணியின் அடையாளம் அது. பிறகு வேறொருவர். முஸ்லிம்கள் மட்டுமல்லர், சிங்களவரும் தமிழரும், துறவிகளும் கன்னியரும் வந்து கட்டினர். தலைவர் எவரும் அழைக்கவில்லை, ஒலிபெருக்கி இல்லை, மெழுகுதிரிக்கு அமைச்சர் இல்லை. 1983இல் எந்த மதிலருகே ஒரு துயரம் கொலைவெறியாக மாற்றப்பட்டதோ, அதே மதிலருகே இது நிகழ்ந்தது.

2022 மே 18இல் காலிமுகத்திடல் போராட்டக்களத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டபோது, சிங்கள இளைஞர்களும் மதகுருமாரும் அதனை வாங்கிக் குடித்தனர். 2009இல் இந்நகரின் தெருக்களில் வெற்றிக்காகப் பாற்சோறு பகிரப்பட்டதை நேரிற் கண்டவர்கள் அக்காட்சியை நம்ப முடியாமல் நின்றனர். அடுத்த ஆண்டு அதே நாளில் பொரளையில் விளக்கேற்ற வந்தவர்களை ஒரு கும்பல் சூழ்ந்து கூச்சலிட்டுக் குழப்பியது. ஓராண்டில் இவ்வளவு தூரம் பின்னோக்கி வந்தோம் என்று நண்பரொருவர் வருந்தினார். கும்பலின் நடுவிலும் விளக்கேற்ற வந்த சிங்களவர் இருந்தனர் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, விவாதம் இன்னும் முடியவில்லை.

கனத்தை வேலியில் கட்டிய வெள்ளைத் துணிகளை இரவோடிரவாக யாரோ அகற்றினர். மறுநாள் முதல் மக்கள் தத்தம் வீட்டு வாசல்களிலும் கேற்றுகளிலும் கட்டத் தொடங்கினர். வெள்ளவத்தையிலும் சில கேற்றுகளில் அத்துணி தொங்கியதைக் கண்டேன். யார் வீடு என்று விசாரிக்கவில்லை.